போட்டியின்றி ஐந்து முறை

8, திங்கள்

பனி. ஆறு மணிக்குக்கூட எதிர் வரிசை வீடு தெரியவில்லை. மாவு புளிக்கவில்லை. தோசை தட்டையாக வந்தது, என் வீட்டுக்காரர் தங்கராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார். கம்பெனிக்கு அரை நாள் லீவு.

காரணம், வேட்புமனு. எனக்காக இல்லை, மெம்பர் ஐயாவுக்காக. நான் டம்மி.

பின்னால் படித்தால் எனக்கே மறந்துபோகும், எழுதி வைக்கிறேன். சென்னியப்பன் ஐயா, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் லைன் வீடுகளின் சொந்தக்காரர். குட்டைக்காட்டுப்புதூர் ஊராட்சியில் மூன்றாவது வார்டு மெம்பர். அஞ்சு தேர்தலாக அவர்தான். ஊர்க்காரர்கள் கோயிலில் உட்கார்ந்து பேசி அவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள், வேறு யாரும் மனு போட மாட்டார்கள். ஆனால் அவர் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடி ஆகிவிட்டால்? அதற்குத்தான் கூட ஒரு மனு. கடைசி நாளில் அது வாபஸ் வாங்கிக்கொள்ளும்.

போன தேர்தலிலும் நான்தான் டம்மி. சொந்தக்காரர்களைப் போட்டால் வாபஸ் வாங்காமல் நின்றுவிடுவார்கள் என்று ஐயாவுக்குப் பயம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் வந்தவள் எங்கே நிற்கப் போகிறேன்!

ஒன்றிய அலுவலகத்தில் நல்ல கூட்டம். மனுவை வாங்கிய சார் கேட்டார், "நீங்களும் மூணாவது வார்டா? இவருக்கு எதிராவா?"

ஐயா சிரித்தார். "நம்ம ஊட்டுப் புள்ளைங்க சார்."

செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி வந்தேன். மத்தியானம் கம்பெனி. புது ஆர்டர், குழந்தைகள் பனியன், கழுத்தில் வாத்துப் படம்.

16, செவ்வாய்

பரிசீலனை. இரண்டு மனுவும் செல்லும். ஐயா வீட்டிலிருந்து வாழைப்பழம் ஒரு சீப்பு வந்தது.

ஐயா வாசலில் நின்று சொன்னார், "வியாழக்கெழம மூணு மணிக்குள்ள நீ வந்து கையெழுத்துப் போட்டுறோணும் கண்ணு. ரெண்டு மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு வண்டி அனுப்பறேன். மறந்துறாத."

"எப்படிங்கய்யா மறப்பேன்."

வாங்க வேண்டியது: கேஸ் பதிவு, மைதா, முந்திரி, பையனுக்குக் கிறிஸ்துமஸ் சட்டை.

18, வியாழன்

என்ன செய்து வைத்திருக்கிறேன்!

ஒன்று நாற்பதுக்கு என் தையல் லைனில் ஊசி உடைந்தது. குழந்தைகள் துணி என்றால் விதி கடுமை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்து, அதைத் தாளில் ஒட்டி, சூப்பர்வைசர் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை லைன் ஓடக் கூடாது. ஒருத்தரும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. துணி வாங்கும் பையருடைய ஆள் வேறு இன்றைக்குத்தான் வந்து நிற்கிறார், கையில் எழுதும் பேட் வைத்துக்கொண்டு.

மூன்று துண்டு. இரண்டு கிடைத்தது. நுனியைக் காணோம்.

காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தடவினோம். பனியனை ஒவ்வொன்றாக உதறினோம். மெஷினைக் கவிழ்த்தோம். போன் எல்லாம் செக்யூரிட்டி டப்பாவில். இரண்டரைக்கு மேனேஜரிடம் போய், "சார், எனக்கு ஒரு கையெழுத்துப் போடணும், அவசரம், தேர்தல் வேலை" என்றேன்.

"ஏம்மா, குழந்தை வாயில ஊசி போனா நீ கையெழுத்துப் போடுவியா?" என்றார். அவர் சொன்னது நியாயம்.

கடைசியில் பீகார்ப் பெண் சுனிதாவின் துப்பட்டா ஓரத்தில் இருந்தது. அவளே கண்டுபிடித்தாள். "தீதீ, மில் கயா! கெடச்சாச்சு!" என்று குதித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பன்னிரண்டு.

போனில் பதினொரு மிஸ்டு கால். கேட்டில் ஐயாவின் டிரைவர், செக்யூரிட்டியிடம் சண்டை போட்டுத் தொண்டை கட்டிப்போய் நின்றார்.

ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினேன். ஐயா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாபஸ் படிவம் சட்டைப் பையில், நாலாக மடித்து. என்னை நிமிர்ந்து பார்த்து, "போச்சு கண்ணு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

தங்கராஜ்: "ஏ செல்வி, என்னத்தட்டி பண்ணி வச்சிருக்க? காலி பண்ணச் சொன்னா சாமானத் தூக்கிட்டு எங்கன போவோம்?"

தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று. பயத்துக்கு அடியில் என்னவோ குறுகுறு என்கிறது.

19, வெள்ளி

வேட்பாளர் பட்டியலைச் சின்னத்தோடு ஒட்டிவிட்டார்கள். கம்பெனி வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன்.

வார்டு 3. சென்னியப்பன், கட்டில். ஜெபசெல்வி, சீப்பு.

அச்சில் என் பெயர்! ரேஷன் கார்டில்கூட 'ஜெயசெல்வி' என்று தப்பாக இருக்கிறது, இதில் சரியாக இருக்கிறது. மூன்று தடவை படித்தேன். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும்.

பக்கத்து வீட்டு முத்துமாரி சிரித்து மாளவில்லை. "மெம்பருக்குக் கட்டிலாம்! படுத்துக்கிட்டே ஜெயிச்ச ஆளுக்குப் பொருத்தமாத்தான் குடுத்திருக்காவ." அவள் சொன்னதும் குழாயடியே சிரித்தது. எனக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியதாயிற்று. ஐயா வீட்டு மாடி ஜன்னல் திறந்திருந்தது.

காலி பண்ணச் சொல்லி இன்னும் ஆள் வரவில்லை.

20, சனி

சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நாற்காலி இரண்டுதான், ஒருவர் அரிசி டிரம் மேல் உட்கார்ந்தார். கையில் எழுதிக்கொண்டு வந்த தாள். 'நான் போட்டியில் இல்லை, என் ஆதரவு சென்னியப்பன் அவர்களுக்கே.' நோட்டீசாக அடித்து ஊரெல்லாம் ஒட்டுவார்களாம்.

"தப்பு உம்பேருல இல்லீங்க. ஊசி ஒடஞ்சா நீ என்ன பண்ணுவே? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுப்போடு, முடிஞ்சுது" என்றார் மூத்தவர். மரியாதையாகத்தான் பேசினார்.

கையெழுத்துப் போடத்தான் இருந்தேன். சத்தியமாக. பேனாவைத் திறந்தாயிற்று. அப்போது டிரம் மேல் இருந்தவர் பக்கத்து ஆளிடம் மெல்ல, "பொழைக்க வந்தவளுக்கு மெம்பரு கேக்குதாக்கும்" என்றார்.

மெல்லச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. பத்துக்குப் பத்து அறையில் எது மெல்ல?

பேனாவை மூடினேன். "நாளைக்குச் சொல்லுதேங்க" என்றேன். கோபம் வந்தால் எனக்குச் சொந்த ஊர்ப் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சும் கலந்துவிடும்.

பதினாறு வருஷம். இங்கே ரேஷன், இங்கே ஓட்டு, பையன் பிறந்தது இங்கே. லைன் வீட்டில் மட்டும் நூற்றுச் சொச்சம் ஓட்டு. வார்டு மெம்பருக்கு என்று ஒருத்தரும் இதுவரை எங்களிடம் வந்து ஓட்டுக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை, தேர்தலே நடந்ததில்லை! பிழைக்கத்தான் வந்தோம். பிழைக்க வந்தால் என்ன, அவர்கள் எல்லாம் இங்கே சாகவா வந்தார்கள்?

ஐயோ, என்னென்னவோ எழுதுகிறேன். பால் பொங்கிவிட்டது.

21, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். தங்கராஜ் முகம் வெளுத்துவிட்டது. "கால்ல வேணா விழு, வீட்ட மட்டும் விட்டுராத" என்று சொல்லி அனுப்பினார்.

முன் அறையில் உட்காரச் சொன்னார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அஞ்சு சான்றிதழ். இத்தனை வருஷம் வாடகை கொடுக்கப் போயிருக்கிறேன், வாசலோடு சரி. இன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன்.

ஐயா எழுந்து போய் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். "படி கண்ணு."

படித்தேன். போட்டியின்றி. போட்டியின்றி. அஞ்சிலும் அதே வார்த்தை.

ஐயாவின் வீட்டு அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "ஒத்த ஓட்டு வாங்காம அஞ்சு வாட்டி மெம்பரான ஆளு இந்த ஒலகத்துலயே உங்கய்யா ஒருத்தருதானுங்க!"

"நீ சித்த சும்மா இரு" என்றார் ஐயா. பிறகு என் எதிரே உட்கார்ந்தார். இப்போது சொல்லப் போகிறார், காலி பண்ணு என்று.

"அவ சொல்றது நெசந்தான் கண்ணு. எல்லாரும் மெம்பரே மெம்பரேன்னுதான் கூப்புடறாங்க. ஆனா எனக்கு ஒருத்தனாவது போடுவானான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அறுவத்தெட்டு வயசாச்சு. இனி அடுத்த தேர்தலுக்கு இருக்கறனோ இல்லியோ. ரெண்டு நாளு கோவமாத்தான் இருந்துச்சு. நேத்து ராத்திரி ரோசனை பண்ணிப் பார்த்தேன். அந்த நோட்டீசுல நீ கையெழுத்துப் போடாத."

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"நில்லு. ஊடு ஊடாப் போயிக் கேளு. நானும் கேக்கறேன். பாத்துப்போடலாம். ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவேன்னு நெனைச்சுட்டு வந்தியாக்கும்?"

"ஆமாங்கய்யா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அட போ கண்ணு" என்றார். சிரித்தார். அம்மா காப்பி கொண்டு வந்து வைத்தார். நாக்கு வெந்துவிட்டது, அவ்வளவு வேகமாகக் குடித்தேன்.

நிற்கிறேன். நான் தேர்தலில் நிற்கிறேன்!

22, திங்கள்

எப்படி ஓட்டுக் கேட்பது? எனக்குத் தெரிந்தது கம்பெனியில் லைன் ஓட்டுவதுதான். அதே மாதிரி செய்துவிட்டேன். பையனின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு:

வார்டு மொத்தம் 402 ஓட்டு. வீடு வீடாக. ஒரு நாளைக்கு டார்கெட் இருபது வீடு. கேட்டதும் எழுதிவிட வேண்டும். நிச்சயம் போடுவார்கள் என்றால் 'பாஸ்'. யோசிக்கிறார்கள் என்றால் 'ஆல்டர்', திரும்பப் போக வேண்டும். மாட்டார்கள் என்றால் 'ரிஜெக்ட்'.

முதல் நாள்: டார்கெட் 20, ஆனது 23. வேனிலிருந்து இறங்கி ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும்.

என்ன கேட்டார்கள்: குழாயில் தண்ணீர் காலையில் வர வேண்டும் (ஷிப்டுக்குப் போனபின் வருகிறது). மூன்றாவது சந்துக்கு விளக்கு. சாக்கடைக்கு மூடி. நாய்.

நாய்க்கு நான் என்ன செய்வேன்? இருந்தாலும் எழுதிக்கொண்டேன்.

23, செவ்வாய்

குளிர். தொண்டை கட்டல், வெந்நீரில் உப்பு.

இன்றைக்கு ஐயா எங்கள் லைனுக்கு ஓட்டுக் கேட்க வந்தார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. கூட நாலு பேர். குழாயடியில் நின்றார். எல்லாரும் வெளியே வந்து நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"எல்லாரும் சவுக்கியமுங்களா?" என்றார்.

"சவுக்கியந்தாங்க."

"தண்ணியெல்லாம் வருதுங்களா?"

"வரலீங்க!" என்று நாலு பேர் ஒரே குரலில்.

"செரி, பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்! ஓட்டு என்ற சொல்லே வாயில் வரவில்லை. கூட வந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

முத்துமாரி: "ஏக்கா, இவரு ஓட்டுக் கேக்க வந்தாரா, வாடக கேக்க வந்தாரா?"

சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாவமாக இருந்தது. அஞ்சு தடவை மெம்பர், கேட்கத் தெரியவில்லை மனிதருக்கு.

டார்கெட் 20, ஆனது 26.

24, புதன்

கேக் மாவு கலந்துகொண்டிருந்தேன். ஐயா பின்பக்கக் கதவுக்கு வந்து நின்றார், தனியாக.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. நீ எப்புடிக் கேக்கறே?"

எதிர் வேட்பாளரிடம் வந்து கேட்கிற கேள்வியா இது! ஆனால் சொல்லிக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய. "மொகத்தப் பாத்துக் கேக்கணுங்கய்யா. தண்ணி, வெளக்கெல்லாம் பொறவு. மொதல்ல 'எனக்குப் போடுங்க'ன்னு சொல்லிறணும். 'எனக்கு'ன்னு சொல்றதுக்குத்தான் கூச்சமா இருக்கும். ரெண்டு வீடு போயிட்டா பழகிரும்."

அவர் துண்டைச் சரி செய்தார். நிமிர்ந்து நின்றார். என் முகத்தைப் பார்த்து, "கண்ணு, எனக்குப் போடு" என்றார்.

நான், பதினாறு வருஷப் பழக்கத்தில், "சரிங்கய்யா" என்றேன்.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் புரிந்தது. அப்படிச் சிரித்தோம். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாவு கரண்டியிலிருந்து தரையில் சொட்டியது.

25, வியாழன்

கிறிஸ்துமஸ். ஆராதனை அஞ்சு மணி. பையனுக்குச் சட்டை ஒரு அளவு பெரிது, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

ஊருக்குள் இருபத்தோரு வீட்டுக்குக் கேக் கொண்டுபோனேன். டிரம் மேல் உட்கார்ந்த பெரியவர் வீட்டுக்கும். அவர் இல்லை. அவர் மருமகள் வாங்கிக்கொண்டு, ரகசியமாக, "அக்கா, சீப்புதானுங்களே? எனக்குத் தெரியுமுங்க. மாமாகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள்.

பாஸ்! ஊருக்குள் ஒரு பாஸ்! வழியெல்லாம் ஓடி வந்தேன், முப்பத்தெட்டு வயதில், பட்டுச் சேலையோடு.

ஐயா மேற்குத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குப் போடுங்க, எனக்குப் போடுங்க" என்று சத்தமாக. பழகிவிட்டது.

26, வெள்ளி

பிரசாரம் முடிந்தது. கம்பெனியில் சுனிதா கேட்டாள், "தீதீ, என் வோட் பீகார்ல. இங்க போட முடியாதா?" முடியாது என்றேன். "நான்தான் ஊசி கண்டுபிடிச்சேன்" என்று வருத்தப்பட்டாள். "நீ மட்டும் சீக்கிரம் கண்டுபிடிச்சிருந்தா நான் நிக்கவே மாட்டேன்டி" என்றேன்.

கடைசிக் கணக்கு:
பாஸ் 178
ஆல்டர் 61
ரிஜெக்ட் 163

178! ஆல்டர் எல்லாம் அவருக்கே போனாலும்... இல்லை, எல்லாமா போகும். பாதி வரும். எப்படிப் பார்த்தாலும் நான்தான். இன்னொரு முறை கூட்டினேன். அதே 178.

தங்கராஜ்கூட இப்போது, "ஜெயிச்சா என்னைய என்னன்னு கூப்பிடுவாக?" என்கிறார். மெம்பர் வீட்டுக்காரர் என்றேன். சந்தோஷமாகத் தலை வாரிக்கொண்டார், சீப்பை என்னிடம் காட்டிக் காட்டி.

27, சனி

ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்தில் வரிசை. எனக்கு முன்னால் ஒன்பது பேர். யாருக்கு ஓட்டு என்று யாரும் சொல்லக் கூடாது, ஆனால் பெண்கள் வரிசையில் பாதிப் பேர் தலையில் சீப்பு செருகியிருந்தார்கள். போலீஸ்காரர் எடுக்கச் சொன்னார். "தல வாரிட்டு வந்தோம், மறந்துட்டோமுங்க" என்றார்கள்.

நாலு பதவிக்கு நாலு சீட்டு. மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு. வார்டுக்கு வெள்ளை. முதல் மூன்றையும் குத்தி மடித்தேன்.

வெள்ளைச் சீட்டில் இரண்டே பெயர். கட்டில். சீப்பு.

என்ன ஆயிற்று என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

"சரிங்கய்யா" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் முதலாக ஓட்டுக் கேட்டது என்னிடம். பையனுக்கு டெங்கு வந்தபோது காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர். நான் பாட்டுக்கு ஜெயித்து, அவருக்குக் கிடைப்பது கேவலமாக ஏதோ நாற்பது ஐம்பது என்றால்? கம்பெனியில் ஆயிரம் பீஸ் ஆர்டருக்கு ஆயிரத்து முப்பது வெட்டுவோம். முப்பது எக்ஸ்ட்ரா. கெட்டுப்போனாலும் ஆர்டர் குறையாது. என்னிடம் 178 இருக்கிறது. ஒன்று கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கட்டிலில் குத்திவிட்டேன்.

வெளியே வந்தபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் ஐயா நின்றார். இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டோம்.

மாலை அஞ்சு மணி: முத்துமாரி வந்தாள். "ஏக்கா, கடைசி வரிசை மூணு வீடும் பூட்டிக் கெடக்கு. நேத்தே பஸ் ஏறிட்டாவளாம். ஊர்லயும் ஓட்டு இருக்காம், அங்க அவுக சித்தப்பா நிக்காராம்."

பதினாலு ஓட்டு. பதினாலும் என் நோட்டில் பாஸ். ஓட்டை எங்கே போடுவார்கள் என்று நான் கேட்கவே இல்லை! வாயால் சொன்னதை எல்லாம் பாஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன். செக்கிங் பண்ணாமல் சீல் வைத்தது மாதிரி. என் லைனில் ஒருத்தி இப்படிச் செய்தால் நான் சும்மா விடுவேனா?

28, ஞாயிறு

கோயிலில் பாட்டு வாயில் வரவில்லை. 178இல் பதினாலும் நான் கொடுத்த ஒன்றும் போனால் 163. போதும். போதுமா?

தங்கராஜ் ஈரல் வாங்கி வந்து அவரே வறுத்தார். நன்றாக இருந்தது, உப்புதான் கூட.

29, திங்கள்

கம்பெனி. டார்கெட் குறைந்தது. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, "நாளைக்கு லீவு எடுத்துக்கம்மா, ஜெயிச்சு வா" என்றார்.

30, செவ்வாய்

எண்ணிக்கை. எட்டு மணிக்கே போய்விட்டோம். எங்கள் பெட்டியைப் பிரிக்கும்போது பதினொன்றரை. நிறம் பிரித்தார்கள். வெள்ளையை இரண்டு டிரேயில் போட்டார்கள். ஐம்பது ஐம்பதாகக் கட்டு. எனக்கு இரண்டு கட்டு. அவருக்கு இரண்டு கட்டு. மீதியை ஒவ்வொன்றாக.

கட்டில், சீப்பு, சீப்பு, கட்டில், சீப்பு. தங்கராஜ் என் கையை நசுக்கியே விட்டார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அம்மா அவர் முதுகில் கை வைத்திருந்தார்.

சென்னியப்பன் 147.
ஜெபசெல்வி 146.
செல்லாதவை 8.

அதிகாரி என்னிடம் சொன்னார், "ஒரு ஓட்டுதாம்மா வித்தியாசம். மறு எண்ணிக்கை வேணும்னா எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடு செல்வி, சீக்கிரம் எழுதிக் குடு" என்று தங்கராஜ் பேனாவை எடுத்துவிட்டார்.

"வேண்டாம் சார்" என்றேன். "எண்ணினது சரியாத்தான் இருக்கு."

"எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"தெரியும் சார்."

வேறு என்ன சொல்ல. தங்கராஜுக்குப் புரியவில்லை, ஒரேயடியாக என்னை முறைத்தார். இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஐயா. கையில் சான்றிதழ். அந்த வார்த்தை இல்லாத முதல் சான்றிதழ். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நூத்தி நாப்பத்தேழு பேரு கண்ணு! நூத்தி நாப்பத்தேழு பேரு என்ற பேருல குத்தியிருக்காங்க!" சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதேன். அழுததற்குக் காரணம் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "மொத மாசமே தண்ணி காலையில வரும். அந்தச் சந்துக்கு வெளக்கு நானே நின்னு போட்டு உடறேன். எழுதி வச்ச நோட்டக் குடு."

கொடுத்தேன்.

"உள்ளதச் சொல்றேன், மொத ஓட்டே என்றதுதான்" என்றார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஏழு மணிக்கு மொத ஆளாப் போயி எனக்கு நானே குத்திப்போட்டு வந்தேன். அதுல என்ன வெக்கம் கண்ணு? நீயும் உனக்குத்தான போட்டிருப்பே?"

"ஆமாங்கய்யா."

லைனுக்கு வந்து இறங்கினால் ஒரே கைதட்டல். தோற்றவளுக்கு மாலை! முத்துமாரி கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நூத்தி நாப்பத்தாறுக்கா! பொழைக்க வந்தவளுக்கு நூத்தி நாப்பத்தாறு! நம்ம லைன்ல எவளோ ஒருத்திதான் மாத்திக் குத்தியிருக்கா. அவ மட்டும் யாருன்னு தெரியட்டும், கொண்டையப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன்."

என் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. எல்லாரும் துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

146 பேர். அதில் நான் இல்லை. நான் இல்லாமலே 146 பேர்!

அடுத்த தடவை டம்மி கிடையாது. நானே போய் மனு போடுவேன். என் ஓட்டு எனக்கு.